அலை தரும் மின்சாரம்

 

எமது பள்ளியின் ஆண்டு விழா மலரில் மொழியையும் பண்பாட்டையும் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. இம்முறை நாம் ஒரு விஞ்ஞானப் பாடத்தை எழுத முன்வந்துள்ளோம். தாயகத்தில் நாம் விஞ்ஞானம் கற்பித்தவர்கள். இங்கு வார நாட்களில் வேறு தொழில்; சனிக்கிழமைகளில் மட்டுமே கரும்பலகையின் முன் நிற்கின்றோம். தமிழில் கதையும் கவிதையும் மட்டுமன்றி, கணக்கும் விஞ்ஞானமும் சொல்லலாம் என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பது எமது நீண்டநாள் விருப்பமாகும்.

ஒரு மாணவனின் கேள்வி

சென்ற இலையுதிர் காலத்தில், எமது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்த பின்னரும் வீட்டுக்குப் போகாமல் நின்றான். ஜேர்மன் பள்ளியில் சக்தி வளங்களைப் பற்றி அவன் வகுப்பின் முன் பேசவேண்டியிருந்தது. காற்றாலையையும் சூரியத் தகட்டையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டமையால் இவன் கடலலையைத் தெரிவு செய்திருந்தான். தேடிப் படித்தபோது, அலையிலிருந்து மின்சாரம் எடுத்த நிறுவனம் ஒன்று 2013 ஆம் ஆண்டில் மூடப்பட்டதை அறிந்தான்.

"சேர், தோற்றுப்போன விசயத்தைப் பேசினால் புள்ளி தருவினமோ? நான் தலைப்பை மாற்றட்டுமோ?" என்று கேட்டான்.

நாம் அன்று அவனுக்கு அரைகுறையாகவே விடை கூறினோம். கதவருகில் அவனுடைய தந்தையார் காத்து நின்றார்; மண்டபத்தையும் பூட்டவேண்டியிருந்தது. அந்த விடையின் மீதியே இக்கட்டுரையாகும்.

அலை என்பது யாது?

சூரியன் நிலத்தையும் நீரையும் சமமாகச் சூடாக்குவதில்லை. அதனால் காற்று உண்டாகின்றது. காற்று கடலின் மேற்பரப்பை உரசிச் செல்லும்போது அலை உண்டாகின்றது. எனவே கடலலை என்பது இரண்டு கைமாறி வந்த சூரிய சக்தியே எனலாம். காற்று எவ்வளவு வேகமாக வீசுகின்றது, எவ்வளவு நேரம் வீசுகின்றது, எவ்வளவு தூரம் தடையின்றி வீசுகின்றது ஆகிய மூன்றுமே அலையின் பருமனைத் தீர்மானிக்கின்றன.

அலை கரையை நோக்கி ஓடிவருவதைக் கண்டு, நீரே ஓடிவருவதாக எண்ணுகின்றோம். அது தவறு. ஆழ்கடலில் மிதக்கும் வலை மிதவை ஒன்றைக் கவனியுங்கள். அலை வரும்போது மேலெழுந்து சற்று முன்னே செல்லும். அலை கடந்ததும் கீழிறங்கிப் பின்னே வரும். ஏறக்குறைய முன்னிருந்த இடத்திலேயே நிற்கும். நீர் வட்டமிடுகின்றது, பயணம் செய்வது சக்தியே.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் எமது கரைகளை அழித்த ஆழிப்பேரலை காற்றினால் உண்டானதன்று. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தினால் எழுந்தது அது. காற்றலைகள் சில விநாடிகளுக்கு ஒருமுறை வருவன. ஆழிப்பேரலையின் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பல நிமிடங்கள் செல்லும். காற்றலை ஆழம் செல்லச் செல்ல அடங்கிவிடும்; ஆழிப்பேரலையோ அடிமுதல் மேல்வரை முழுக் கடலையும் அசைக்கும். அந்த ஆண்டில் நாம் இளம் ஆசிரியர். தை மாதம் பள்ளி மீண்டும் தொடங்கியபோது எமது வகுப்பில் மூன்று இருக்கைகள் வெறுமையாயிருந்தன. அதன்பின் பல மாதங்கள் கடலைப் பற்றிய பாடத்தை நாம் தொடவில்லை. இன்று அதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. அஞ்சுகின்ற ஒன்றை அறிந்துகொள்வதே நன்று.

அலையின் வலுவை அளத்தல்

ஆழ்கடல் அலையின் வலுவைக் கணிக்க எளிய வாய்பாடு ஒன்று உண்டு. அலையின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்குக. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட காலத்தை விநாடியில் எடுத்து, அதனாலும் பெருக்குக. வருவதில் பாதியை எடுத்தால், ஒவ்வொரு மீற்றர் அகலத்திற்கும் எத்தனை கிலோவாற்று வலு வருகின்றது என்பது ஏறக்குறையக் கிடைக்கும்.

உயரம் 2 மீற்றர், காலம் 8 விநாடி எனக் கொள்வோம். 2 × 2 × 8 = 32. அதன் பாதி 16. அதாவது, ஒரு கதவின் அகலமளவான கடற்பரப்பினூடாக 16 கிலோவாற்று வலு வந்துகொண்டிருக்கின்றது. தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் எட்டினை ஒரே நேரத்தில் இயக்க இது போதும். உயரம் இரண்டு மடங்கானால் வலு நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்க. இது பின்னர் உதவும்.

தைனமோவும் மூச்சுவிடும் அறையும்

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எமது குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. அப்பொழுது நாம் சிறுவர். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். வானொலி கேட்பதற்கு மின்கலம் கிடையாது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். செய்தி முடியும்வரை கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றுவோம். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும். உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களிற் பலரும் சுற்றியிருப்பார்கள்.

உலகிலுள்ள மின்நிலையங்களிற் பெரும்பாலானவை இந்தத் தைனமோவின் பெரிய உடன்பிறப்புக்களே. நிலக்கரியானாலும் அணுவானாலும் ஆறானாலும் காற்றானாலும், ஏதோவொன்று சுழலியைச் சுற்றவேண்டும். சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்றவேண்டும். அலையோ சுற்றுவதில்லை, மேலும் கீழும் ஆடுகின்றது. ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது எவ்வாறு என்பதே வினா.

இவ்வினா பழையது. 1799 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜிரார் என்னும் தந்தையும் மகனும் அலைவலு இயந்திரத்திற்கான காப்புரிமையைப் பெற்றனர். பின்னர் ஜப்பானியரான யொஷியோ மசுதா, கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை விளக்குகளை அலைவலுவினால் எரியச் செய்தார். 1973 ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. ஜேர்மனியில் அந்த ஆண்டின் இறுதியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வீதிகளில் வாகனம் ஓட்டத் தடை விதிக்கப்பட்டமையை உங்கள் வரலாற்றுப் பாடநூல்களில் காணலாம். அந்த நெருக்கடியே அறிஞர்களை மீண்டும் கடலை நோக்கித் திருப்பியது. 1974 ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சோல்ற்றர், வாத்துப்போல் தலையசைக்கும் மிதவை ஒன்றை உருவாக்கிப் புகழ்பெற்றார்.

இவற்றுள் மிக எளிதாக விளங்கக்கூடியது "மூச்சுவிடும் அறை" என நாம் வகுப்பிற் பெயரிட்ட முறையாகும். கடலோரத்தில் கொங்கிறீற்றினால் ஓர் அறை கட்டப்படுகின்றது. அதன் அடிப்பகுதி நீருக்குள் திறந்திருக்கும். மேற்பகுதியில் ஒரு சிறு துவாரம் மட்டும் உண்டு. அலை வரும்போது அறையினுள் நீர்மட்டம் உயர்ந்து, உள்ளிருக்கும் வளியைத் துவாரத்தினூடாக வெளியே தள்ளும். அலை பின்வாங்கும்போது நீர்மட்டம் தாழ்ந்து, வெளிவளியை உள்ளே இழுக்கும். துவாரத்தில் சுழலியை வைத்தால் வளி அதனைச் சுற்றும்.

ஆனால் வளி ஒருமுறை வெளியே செல்கின்றது, மறுமுறை உள்ளே வருகின்றது. சாதாரண சுழலி முன்னும் பின்னுமாகத் திரும்பித் தடுமாறும். இதற்கு விடை கண்டவர் பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் வெல்ஸ் ஆவார். 1970களின் பிற்பகுதியில் அவர் அமைத்த சுழலியின் அலகுகள் இருபுறமும் ஒரே வடிவானவை. வளி எத்திசையிலிருந்து வந்தாலும் அது ஒரே திசையிலேயே சுற்றும். இரைச்சல் மிகுதி, செயற்றிறன் சற்றுக் குறைவு என்னும் குறைகள் அதற்கு உண்டு. எனினும் கடலைத் தொடும் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமையால் பழுதுகள் குறைகின்றன.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒளிபுகும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் அடிப்பாகத்தைப் பெரியவர் ஒருவரைக் கொண்டு வெட்டுவியுங்கள். மூடியைக் கழற்றி, வெட்டிய பக்கம் கீழிருக்க வாளித் தண்ணீரில் மேலும் கீழும் அசையுங்கள். போத்தலின் வாயருகே மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்தால் அது வெளியே பறந்தும் உள்ளே இழுபட்டும் ஆடும்.

கடலில்லா ஊரின் நிறுவனம்

பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில், பிரென்ஸ் ஆற்றங்கரையில், ஹைடன்ஹைம் என்னும் நகரம் உண்டு. கடலிலிருந்து மிகத் தொலைவிலுள்ள ஊர் அது. அங்கு 1867 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது ஃபொய்த் நிறுவனம். 1870களிலிருந்தே ஆற்றுநீரால் சுற்றும் சுழலிகளைச் செய்துவரும் நிறுவனம் இது.

ஸ்கொட்லாந்தின் இன்வெர்னஸ் நகரில் வேவ்ஜென் என்னும் சிறு நிறுவனம் இயங்கியது. மாணவன் தேடிக் கண்டது இதனைத்தான். இதன் கதை ஒரு தோல்வியுடனேயே தொடங்குகின்றது. 1995 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், இன்னும் அப்பெயரைச் சூடாத காலத்தில், "ஒஸ்பிறே" என்னும் பெரிய உருக்கு இயந்திரத்தை ஸ்கொட்லாந்தின் வடகரைக்கு இழுத்துச் சென்று நிறுத்த முயன்றனர். நிறுத்தி முடிப்பதற்குள் அலைகள் அதனைச் சேதப்படுத்தின. அது கடலிலேயே போயிற்று.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் ஐலா என்னும் தீவில், குயின்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இம்முறை கரைப்பாறையிலேயே மூச்சுவிடும் அறையைக் கட்டினர். பாறையில் இறுக ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர் ஒன்றின் பெயரைத் தழுவி அதற்கு "லிம்பெற்" எனப் பெயரிட்டனர். முதலில் 500 கிலோவாற்றுக்கு அமைக்கப்பட்டது, பின்னர் 250 ஆகக் குறைக்கப்பட்டது. எனினும் பத்தாண்டுகளுக்கு மேலாக அது பொது மின்வலையமைப்புக்கு மின்சாரம் வழங்கியது. அத்தகைய நிலையங்களில் உலகின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

2005 ஆம் ஆண்டில், ஃபொய்த்தும் சீமென்ஸும் அந்நாளில் இணைந்து நடத்திய நீர்வலு நிறுவனம் வேவ்ஜெனை வாங்கியது. 2011 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் கரையிலுள்ள முத்ரிக்கு துறைமுகத்தில், அவர்கள் செய்த 16 சுழலிகள் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 18.5 கிலோவாற்று, மொத்தம் 296 கிலோவாற்று. துறைமுகத்திற்கு எப்படியும் அலைதடுப்பு மதில் கட்டவேண்டியிருந்தது. அம்மதிலுக்குள்ளேயே அறைகளை அமைத்தமையால் செலவு குறைந்தது. கட்டும் காலத்திலேயே புயல்கள் மதிலைச் சேதப்படுத்தியபோதிலும் வேலை நிறைவேறியது. அந்நிலையம் பத்தாண்டுகளுக்கு மேலாக மின்சாரம் வழங்கியுள்ளது.

ஸ்கொட்லாந்தின் லூவிஸ் தீவில் 4 மெகாவாற்று நிலையமொன்றை அமைக்க 2009 ஆம் ஆண்டில் அரசு அனுமதி கிடைத்தது. ஆயினும் உடனிருந்த பெரிய மின்நிறுவனம் 2011 இல் விலகிக்கொண்டது, திட்டம் கைவிடப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் ஃபொய்த் வேவ்ஜெனை மூடியது.

விழிஞ்ஞமும் தூத்துக்குடியும்

இத்துறையில் எமது அயலவரும் முன்னோடிகளே. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள் 1980களின் முற்பகுதியில் அலைவலு ஆய்வைத் தொடங்கினர். கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில், அலைதடுப்பு மதிலுக்கு முன்னால், ஏறக்குறைய 10 மீற்றர் ஆழத்தில், ஒரு பெரிய கொங்கிறீற்றுப் பெட்டியை நிறுத்தினர். 1991 ஆம் ஆண்டு ஐப்பசியில் 150 கிலோவாற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. வெல்ஸ் சுழலியே அங்கும் பயன்பட்டது. லிம்பெற்றுக்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியது இது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னாளில் அங்கு கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் நடைபெற்றது. இன்று அந்நிலையம் இயங்கவில்லை.

ஆனால் ஆய்வு நிற்கவில்லை. 2022 ஆம் ஆண்டு கார்த்திகையில் அதே கழகத்தினர், தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர் தொலைவில், 20 மீற்றர் ஆழமுள்ள இடத்தில் "சிந்துஜா" என்னும் மிதவைக் கருவியைச் சோதித்தனர். கடலிற் பிறந்தவள் என்பது அப்பெயரின் பொருள். கிடைத்த வலு 100 வாற்று மட்டுமே. பழைய மின்குமிழ் ஒன்றுக்குப் போதுமானது. சிரிக்கவேண்டாம். எமது தைனமோ அதனிலும் குறைவாகவே தந்தது.

தோல்விக்குக் காரணங்கள்

முதலாவது காரணம், நாம் மேலே செய்த கணக்கிலேயே உள்ளது. சாதாரண நாளில் 16 கிலோவாற்று தரும் அதே கடலில், புயல் நாளில் 8 மீற்றர் உயர அலை 12 விநாடிக்கு ஒருமுறை வருவதாகக் கொள்வோம். 8 × 8 × 12 = 768; பாதி 384. அதாவது 24 மடங்கு. ஆண்டு முழுவதும் 16 இலிருந்து வருமானம் பெறும் இயந்திரத்தை, ஓரிரவு வரும் 384 ஐத் தாங்குமாறு கட்டவேண்டும். செலவு 384 இற்கு. வரவு 16 இற்கு.

இரண்டாவது, உப்பு நீர் இரும்பை அரிக்கும். மூன்றாவது, பழுதுபட்டால் கடல் அடங்கும்வரை அருகே செல்லவியலாது. நான்காவது, காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் மிக விரைவாக மலிவடைந்தன. 2010 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜேர்மனியின் முதலாவது கடற்காற்றாலைப் பூங்காவான அல்பா வென்ரஸ், போர்க்கும் தீவுக்கு வடக்கே 12 காற்றாலைகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 5,000 கிலோவாற்று. அவற்றுள் ஒன்றே முத்ரிக்கு நிலையத்தைப்போல் ஏறக்குறைய 17 மடங்கு ஆற்றலுடையது.

ஜேர்மனியின் வடகடலில் ஏன் அலைநிலையங்கள் எழவில்லை என்றும் கேட்கலாம். அத்திலாந்திக்கிலிருந்து வரும் பேரலைகளைப் பிரித்தானியத் தீவுகள் தடுத்துவிடுகின்றன; வடகடலின் ஆழமும் குறைவு. ஆனால் ஆய்வுக்கு இங்கே குறைவில்லை. ஹனோவர் நகரில் ஏறக்குறைய 300 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் 7 மீற்றர் ஆழமும் கொண்ட பெரிய அலைக் கால்வாய் உண்டு. அங்கு செயற்கை அலைகளை எழுப்பி அணைகளையும் கடற்கட்டடங்களையும் சோதிக்கின்றார்கள். ஹனோவருக்கு அருகில் வாழும் குடும்பத்தினர் பிள்ளைகளுக்கு இதைப்பற்றிக் கூறலாம்.

தந்தையார் கூறியது

இனி, அன்று மாலையில் நடந்ததைக் கூறி முடிக்கின்றோம். நாம் விடை கூறிக்கொண்டிருக்க, கதவருகில் நின்ற தந்தையார் எதிர்பாராத விதமாகப் பேசினார். வடமராட்சிக் கரையில் தொழில் செய்தவர் அவர். இங்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கின்றார்.

"தம்பி, காத்து விழுந்தாலும் கடல் உடனே விழாது. சோழகம் நிண்டு ரெண்டு நாளைக்குப் பிறகும் திரை வரும். எங்கேயோ வீசின காத்து இஞ்சை வந்துதான் உடையும்" என்றார்.

மாணவன் தந்தையைத் திரும்பிப் பார்த்தான். தந்தையார் கடலைப் பற்றிப் பேசி அவன் அதுவரை கேட்டதில்லையாம். அவர் கூறியது முற்றிலும் உண்மை. அலை என்பது சேமித்து வைக்கப்பட்ட காற்று. காற்று நின்றபோது காற்றாலை நின்றுவிடும். அலையோ பின்னும் வந்துகொண்டிருக்கும். அலைவலு ஆய்வை இன்றும் கைவிடாதிருப்பதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களுள் அதுவும் ஒன்று. எந்த நூலையும் பாராமல் அவர் அதனைக் கூறினார்.

மாணவன் தலைப்பை மாற்றவில்லை. இரண்டு கிழமைகள் தந்தையும் மகனும் சமையலறை மேசையில் இருந்து படம் கீறினார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் எமது காற்றுக்களின் பெயர்களையும் மகன் அப்போதுதான் கற்றுக்கொண்டான். ஜேர்மன் வகுப்பில் அவன் பேசிமுடித்ததும், ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: காற்று நின்றபின்னும் அலை வரும் என்பதை எங்கே படித்தாய் என்று. "அப்பா சொன்னார்" என்று விடை கூறியதாக அடுத்த சனிக்கிழமை எம்மிடம் சொன்னான். எத்தனை புள்ளி என்று நாம் கேட்க மறந்துவிட்டோம்.

பெற்றோர்களே! நீங்கள் ஊரில் செய்த தொழில் இங்கே சான்றிதழில் ஏறாமலிருக்கலாம். எமது சான்றிதழும் அவ்வாறே ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றது. ஆனால் வயலையும் கிணற்றையும் கடலையும் பற்றி நீங்கள் அறிந்தவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாது விட்டால், அவை உங்களுடனேயே நின்றுவிடும். அவற்றைத் தமிழில்தான் உங்களாற் சொல்ல முடியும்.

மாணவர்களே! தோற்றவர்களை ஏன் படிக்கவேண்டும் என்பதற்கு எமது விடை இதுதான். ஒஸ்பிறே உடைந்தமையால் லிம்பெற் பாறைமேல் எழுந்தது. வேவ்ஜென் மூடப்பட்ட பின்னரும் அவர்கள் செய்த சுழலிகள் முத்ரிக்கு மதிலுக்குள் சுற்றின. அலை ஓய்ந்தபின் நீராடலாம் என்று காத்திருந்தால் ஒருநாளும் நீராடவியலாது என்பார்கள் எமது முன்னோர். அலை ஓயாது என்பதனாலேயே இவ்வறிஞர்கள் கடலுக்குச் சென்றார்கள்.

பயிற்சி

1. அலையின் உயரம் 3 மீற்றர், காலம் 8 விநாடி எனின், ஒரு மீற்றர் அகலத்திற்கு வரும் வலு எத்தனை கிலோவாற்று?
2. காற்றலைக்கும் ஆழிப்பேரலைக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினை எழுதுக.
3. வெல்ஸ் சுழலியின் சிறப்பு யாது? அதன் குறைகள் யாவை?
4. துறைமுக மதிலுக்குள் மின்நிலையத்தை அமைப்பதனால் செலவு குறைவது ஏன்?
5. உங்கள் தாய், தந்தை அல்லது பேரன், பேத்தியாரிடம் அவர்கள் ஊரில் வீசிய காற்றுக்களின் பெயர்களைக் கேட்டு, ஒவ்வொன்றும் எத்திசையிலிருந்து, எம்மாதத்தில் வீசும் என எழுதி வருக.

ஐந்தாம் வினாவின் விடைகளை அடுத்த தவணையில் வகுப்பில் ஒன்றுசேர்த்து ஒரு படமாக வரைவோம்.